புதிதாக வந்த கோமாளி மீன்களின் விசித்திர நடத்தை: என் அனுபவம்

புதிதாகத் தொட்டியில் விடப்பட்ட கோமாளி மீன், நீரின் மேற்பரப்பை ஒட்டிய ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, தலை மேலும் வால் கீழுமாக அசைந்தபடியே நிற்பதைக் கண்டு கலங்காதவர்கள் மிகக் குறைவு. ஒசெல்லாரிஸ் வகையைச் சேர்ந்த இரண்டு இளம் மீன்களை நான் வாங்கி விட்ட முதல் இரவில், விளக்கை அணைத்த பின் அவற்றுள் ஒன்று ஹீட்டரின் அருகே பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. இறந்துவிட்டது என்றே எண்ணி வலையை நீருக்குள் இறக்கியதும், அது சட்டென்று நிமிர்ந்து விலகிச் சென்றது. உறங்கும் கோமாளி மீன் அப்படித்தான் இருக்கும் என்பதைப் பின்னர் பல இரவுகள் கவனித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த நடத்தைக்கு அதன் வாழ்முறையே காரணம். கடலில் இது, பூப்போலத் தோன்றும் கடல் விலங்கான கடற்சாமந்தி ஒன்றையே சுற்றி, அதன் கொட்டும் கரங்களின் பாதுகாப்பில், மிகச் சிறிய வட்டத்துக்குள் வாழ்நாளைக் கழிக்கும் மீன். தொலைதூரம் நீந்த வேண்டிய தேவை அதற்கு இல்லாததால், உடலை நெளித்து நெளித்து நீந்துவதே அதன் இயல்பு. பண்ணையில் பிறந்து வளர்ந்த மீன்கள் கடற்சாமந்தியைக் கண்டதே இல்லை என்றாலும், ஓரிடத்தைத் தனதாக்கிக்கொள்ளும் உந்துதல் அவற்றிடமும் உண்டு. அந்த இடம் வடிகட்டியின் நீர் விழும் பகுதியாகவோ, வெறும் கண்ணாடி மூலையாகவோ இருக்கலாம். தொட்டியின் பெரும்பகுதி காலியாகக் கிடக்க, மீன் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குள்ளேயே சுற்றுகிறதே என்று வருந்த வேண்டியதில்லை.

இரண்டு மீன்களைச் சேர்த்து விடும்போது காணும் காட்சிகள்தாம் இன்னும் வியப்பூட்டுபவை. சிறியது பெரியதன் முன் சென்று, உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலிப்பு வந்ததுபோல் படபடவென்று நடுங்கும். நரம்பு நோய் என்று நினைத்து மருந்து ஊற்றியவர்களை நான் அறிவேன். உண்மையில் அது பணிவைத் தெரிவிக்கும் செயல். கோமாளி மீன்களின் கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண்; அதற்கு அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண்; பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும், மாறியபின் மீண்டும் ஆணாகாது. ஆகவே இரண்டு இளம் மீன்களுக்கிடையே யார் மேலே, யார் கீழே என்பது முடிவாகும் வரை துரத்தலும் இலேசான கடியும் நடுக்கமும் இருந்தே தீரும். தொட்டியருகே அமைதியாக அமர்ந்திருந்தால், துரத்தும் மீன் தாடைகளை மோதி எழுப்பும் ‘டிக் டிக்’ என்ற ஓசைகூடக் கேட்கும். துடுப்புகள் கிழிந்து, சிறியது உணவருகே வரவே முடியாத நிலை ஏற்பட்டால் மட்டும் துளையிட்ட தடுப்பு வைத்துப் பிரிப்பது நல்லது என்பது என் கருத்து.

முதல் ஓரிரு நாள் உண்ணாமல் இருப்பதும் பெரும்பாலும் பயத்தால்தான்.

ஆனால் இவை எல்லாவற்றையும் இயல்பு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மீன் எங்கே நிற்கிறது, எப்படிச் சாய்கிறது என்பதைவிட, அதன் செவுள் மூடிகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். தொட்டியிலுள்ள பழைய மீன்களும் சேர்ந்து வேகமாக மூச்சு வாங்கினால், உடனே மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சான அம்மோனியாவையும், உப்பின் அளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தியையும் (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சோதிக்க வேண்டும். அம்மோனியா இருக்கவே கூடாது, ஒப்படர்த்தி 1.025 அளவில் நிலையாக இருக்க வேண்டும். புதிய மீன் மட்டுமே மூச்சிரைக்கிறது, தோலில் வெண்மையான சளிப் படலம் திட்டுத் திட்டாகப் படர்கிறது, உணவையும் தொடவில்லை என்றால் அது பெரும்பாலும் ப்ரூக்லினெல்லா என்னும் ஒட்டுண்ணியின் வேலை. கோமாளி மீன்களை மிகுதியாகத் தாக்குவதால் இதற்குக் ‘கோமாளி மீன் நோய்’ என்றே பெயருண்டு.

பின்னொரு முறை நான் வாங்கிய மீன்களில் ஒன்றுக்கு இது வந்தது. காலையில் கண்ணுக்கருகே மங்கலாகத் தெரிந்த படலம், மாலைக்குள் ஆரஞ்சு நிறமே தெரியாதபடி உடலை மூடி, நூல் நூலாக உரிந்து தொங்கியது. வேறு ஒட்டுண்ணிகளுக்குப் பயன்படும் செம்பு மருந்து இதற்குப் பலன் தராது என்பதால், தனித் தொட்டியில் ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) சிகிச்சையைத் தொடங்கினேன். ஃபார்மலின் நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கும்; ஆகவே நீருக்குள் காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல்லை முழு வேகத்தில் ஓடவிட்டேன். அது நமக்கும் நச்சு என்பதால் கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துத்தான் கையாண்டேன். அந்த மீன் பிழைத்தது. அதன் துணையையும் நோய் தென்படும் முன்பே உடன் எடுத்துச் சிகிச்சை அளித்ததால் அதுவும் தப்பியது. ஒட்டுண்ணி தொட்டியில் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், முதன்மைத் தொட்டியைப் பல வாரங்கள் மீன் இல்லாமலேயே வைத்திருந்து, அதன் பிறகே இரண்டையும் திரும்ப விட்டேன்.