அப்ளைடு மெஷின் லேர்னிங் மாஸ்டர்ஸ்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வணக்கம். நான்கு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன், மெஷின் லேர்னிங்கில் முதுகலை படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் இரண்டு பாடத்திட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்றில் லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன் எல்லாம் ஆழமாகப் போய், கடைசியில் ஆய்வேடு. இன்னொன்று முழுக்க ப்ராஜெக்ட்தான்: பைடார்ச் என்ற மென்பொருள் கருவியில் மாடல் உருவாக்குவது, அதை சர்வரில் ஏற்றுவது, அப்புறம் வரும் டேட்டா மாற மாறக் கணிப்பு எங்கே தவறுகிறது என்று கண்காணிப்பது. மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனாலும் 2017-இல் டிரான்ஸ்ஃபார்மர் (இன்றைய சாட்பாட்களுக்கு அடிப்படையான மாடல் வடிவமைப்பு) வந்த பிறகு இந்தத் துறை எவ்வளவு மாறிவிட்டது என்று பார்த்தால், கணிதம்தான் நிலைக்குமோ என்று தோன்றுகிறது.

படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள், வேலையில் உண்மையிலேயே கைகொடுத்தது எது? ஆய்வேடு இல்லாமல் முடித்தால் பின்னால் பிஎச்டிக்குப் போவது கஷ்டமா?