புற்றுநோயாளிகளின் மனநிலையை அளக்க எந்தக் கேள்வித்தாள்? உதவுங்கள்

வணக்கம். சமூகப்பணி முதுகலை படிக்கிறேன், ஊர் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடி, கல்லல், பள்ளத்தூர் வட்டாரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களை வீட்டிலேயே பார்த்து அவர்கள் மனநிலையை அளப்பதுதான் என் ஆய்வு.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித்தாளான பிஎச்க்யூ-9 (PHQ-9) எடுக்கலாம் என்றார் வழிகாட்டி. ஆனால் அதில் தூக்கம், பசி, களைப்பு எல்லாம் மதிப்பெண்ணில் சேரும். கீமோ முடிந்து வந்தவர் பசியில்லை, அசதி என்றால் அது மருந்தாலா மனசாலா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் ஹாட்ஸ் (HADS) என்ற, நோயாளிகளின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் கேள்வித்தாள் பக்கம் சாய்ந்திருக்கிறேன். 1983-ல் வந்தது, பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7 என 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. உடல் உபாதைகளைத் தவிர்த்தே அமைத்திருக்கிறார்கள். 0 முதல் 10 வரை ஒரே எண்ணைக் காட்டச் சொல்லும் டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் எளிதுதான், ஆனால் அது யாரை மேலும் கவனிக்க வேண்டும் என்று பிரித்துக்காட்டும் வெறும் வடிகட்டி.

சிக்கல் வேறிடத்தில். வளவில் உட்கார்ந்து ஆச்சியிடம் கேட்டால், "அவுகளுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காக" என்று மகனும் மருமகளும் முந்திக்கொள்கிறார்கள். சில வீடுகளில் நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லவில்லை. (அந்த வீடுகளை விட்டால் ஆய்வே கோணலாகிவிடும்.)

நோய்த் தணிப்பு வேலையில் இருக்கும் அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்: படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டி மதிப்பெண் போட்டால் ஏற்பார்களா? தனியாகப் பேச வீட்டாரிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? சரிபார்த்த தமிழ் ஹாட்ஸுக்கு யாரிடம் அனுமதி வாங்குவது? அப்புறம், பேசும்போதே யாராவது உடைந்து அழுதால் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருக்க முடியாது, உடனே அனுப்பிவைக்க சிவகங்கை மாவட்டத்தில் மனநல ஆலோசகர் யாராவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.