மூன்றடி மீன் தொட்டியில் இரண்டு ஆஸ்கர், ஓர் அலிகேட்டர் கார்: சண்டை ஓயவில்லை

கேள்வி – மதுரைவாசி

வணக்கம். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் அதே உயரமும் உள்ள, ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் எட்டு மாதமாக இரண்டு ஆஸ்கர் மீன்களையும், முதலை போல நீண்ட வாயுள்ள அலிகேட்டர் கார் (gar) என்னும் மீன் ஒன்றையும் வளர்த்து வருகிறேன். வாங்கும்போது மூன்றும் விரல் நீளம்தான். தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும் என்று கடைக்காரர் உறுதி கூறினார். இப்போது ஆஸ்கர்கள் முக்கால் அடியும் கார் ஓரடிக்கு மேலும் இருக்கின்றன. பத்து நாட்களாகப் பெரிய ஆஸ்கர் உடல் கறுத்து, செவுள் மூடிகளை விரித்தபடி, கவிழ்த்து வைத்த மண்சட்டியை விட்டு நகராமல் நிற்கிறது. சின்னதோ ஃபில்டருக்குப் பின்னால் சாய்ந்து ஒடுங்கிக் கிடக்கிறது; அதன் வால் நார்நாராகக் கிழிந்துவிட்டது. பசியாக இருக்குமோ என்று உயிருள்ள கப்பி மீன்களையும் கோல்டுஃபிஷ் குஞ்சுகளையும் கூடுதலாகப் போட்டும் பலனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி – பழைய தொட்டி

சின்ன ஆஸ்கரை இன்றே பிரித்துவிடுங்கள். பாதியாக வெட்டிய தண்ணீர் டிரம்மும் காற்றுக் குமிழி விடும் ஒரு காற்றுக்கல்லும் தற்சமயம் போதும்; தண்ணீரை அதே தொட்டியிலிருந்து எடுங்கள்.

இது பசியால் வந்த சண்டையன்று, இடத்துக்கான சண்டை. ஆஸ்கர் சிக்லிட் குடும்பத்து மீன்; பருவம் வந்ததும் ஓரிடத்தைத் தனதாக்கிக்கொள்ளும். அமேசான் ஆற்றில் தோற்ற மீன் விலகிப் போய்விடும். உங்கள் வீட்டில் தோற்றது ஓடுவதற்கு இருப்பது மூன்றடிதான். தொட்டிக்குத் தக்கபடி வளரும் என்பது வியாபாரப் பேச்சு. ஆஸ்கர் ஓரடியை எட்டக்கூடிய மீன். எட்டாமல் நின்றால், இட நெருக்கடியிலும் கழிவு தேங்கிய நீரிலும் அது குன்றிப்போனது என்றே பொருள். ஃபில்டரில் வாழும் நுண்ணுயிர்கள் மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றனவே தவிர, அந்த நைட்ரேட்டை வாரந்தோறும் தண்ணீர் மாற்றித்தான் வெளியேற்ற வேண்டும். நீர் கெட்ட தொட்டிகளில் ஆஸ்கரின் தலையில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு ஆஸ்கர்களையும் வைத்துக்கொள்வதானால் நான்குக்கு இரண்டுக்கு இரண்டடித் தொட்டி வேண்டும். அதில் தண்ணீரின் எடை மட்டுமே 450 கிலோ. மாடி வீடானால் எங்கே வைப்பது என்று ஒரு பொறியாளரைக் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி – விரால் பிரியன்

மேலே சொன்னது அனைத்தும் சரி. இரையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கோல்டுஃபிஷ் உடலிலுள்ள தயாமினேஸ் என்னும் நொதி பி1 வைட்டமினைச் சிதைப்பதால், அதையே தொடர்ந்து தின்னும் மீன் நாளடைவில் நலிந்துவிடும். கடை மீன்களோடு ஒட்டுண்ணிகளும் சேர்ந்தே வரும். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுப் பெல்லட்டுக்கு (உருண்டைத் தீவனத்துக்கு) பழக்குங்கள். முறைத்துப் பார்க்கும், பிறகு தின்னும்.

தொட்டிக்கு மூடி இருக்கிறதா? என் விரால் ஒருமுறை இரவில் குதித்து, விடியற்காலையில் சமையலறை வாசலில் தூசி ஒட்டிய உடம்போடு கிடந்தது. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு விராலுக்கு இருப்பதால் பிழைத்தது. உங்கள் ஆஸ்கருக்கு அது கிடையாது.

மதுரைவாசி

நன்றி ஐயா. சின்னதைப் பிரித்துவிட்டேன், மாலையில் ஒரு பெல்லட்டை வாயில் வாங்கித் துப்பியது. காரைப் பக்கத்துக் கண்மாயில் விட்டுவிடலாம் என்கிறார் மாமா.

மறுமொழி – பழைய தொட்டி

வேண்டவே வேண்டாம். 2011-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட அலிகேட்டர் கார் எட்டடிக்கு மேல் நீளமும் 148 கிலோ எடையும் இருந்தது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலும் ஒன்று சிக்கியது; இப்படி யாரோ வளர்க்க முடியாமல் விட்டதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய சிமென்ட் குளம் வைத்திருப்பவர் யாராவது எடுத்துக்கொள்வாரா என்று விசாரியுங்கள். எவரும் முன்வராவிட்டால், கால்நடை மருத்துவரைக் கேட்டு, மயக்க மருந்து கொடுத்து அதன் உயிரை முடித்துவிடலாம். சொல்வதற்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்மாயில் விட்டால், அங்குள்ள கெண்டையும் கெளுத்தியும் அதற்கு இரையாகும்.