மறு: எஃப்ளோரசன்ஸ் – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வண்ணப்பூச்சுக் கையேட்டின் சொற்பட்டியலில் பிரைமருக்கு 'அடிப்பூச்சு', டாப்கோட்டுக்கு 'மேற்பூச்சு' என்று முடிவாகிவிட்டது. சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டி பட்டியாகவே இருக்கட்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சுவரின் மேல் உப்பு வெள்ளையாகப் படர்வதைச் சொல்லும் எஃப்ளோரசன்ஸில் வந்து நின்றிருக்கிறோம். வடசென்னையில் திருவொற்றியூர் தொடங்கி ராயபுரம் வரை கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகம் தேவைப்படும் சொல் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'உப்புமலர்ச்சி' என்று வைக்கலாம். மூலச்சொல்லிலும் மலர்தல்தானே இருக்கிறது.

மூலச்சொல்லில் இருப்பது நமக்குக் காரணமாக வேண்டாம் ஐயா. தமிழில் 'பூத்தல்' என்பது மலருக்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளின் மேல் வெளுப்பாக மெல்லிய ஏடு படர்வதற்கும் அதையே சொல்கிறோம். நீறு பூத்த நெருப்பு என்கிறோம். ஊறுகாயில் பூஞ்சை பூத்துவிட்டது என்கிறோம். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது என்கிறோம். தண்டையார்பேட்டையில் எந்தப் பெயிண்டரைக் கேட்டாலும் 'செவுத்துல உப்பு பூத்துக்குது' என்றுதான் சொல்வார். மலர்ச்சி என்றால் முகம் மலர்வதும் மறுமலர்ச்சியும்தான் மனத்தில் வரும். சுவர் வராது.

> அப்படியானால் 'உப்புப்பூப்பு' சரிதானே? படிப்பு, நடிப்பு போல.

இலக்கணப்படி சரி. ஆனால் பூப்பு என்ற சொல் பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதற்கு நிலைத்துவிட்டது. அம்மா ஒருவர் இதே மறுப்பை எழுதியிருந்தார், அவர் பக்கம்தான் நான். நிகழ்வுக்கு 'உப்பு பூத்தல்', சுவரில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருளுக்கு 'உப்புப்பூ' என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

> 'வெண்படிவு' நடுநிலையான அறிவியல் சொல். அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

வெண்படிவு என்பது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, அவ்வளவுதான். சுவரில் வெள்ளையாகப் படிவது எல்லாம் உப்பு இல்லை. பூஞ்சையும் வெள்ளையாக வரும். பழைய வெளிப்பூச்சு வெயிலில் நைந்து மாவாகி உள்ளங்கையில் ஒட்டுவதும் வெள்ளைதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. படித்துவிட்டு வீட்டுக்காரர் எதைச் செய்வது என்று தடுமாறக் கூடாது. வெள்ளை படிந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் பெரும்பாலும் உப்பு. கரையாமல் வழவழவென்று நின்றால் பூஞ்சை. பெயரிலேயே 'உப்பு' இருந்தால் இந்தச் சோதனைக்கான வழியும் பெயரிலேயே கிடைக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இதுவரை நாம் ஒரே சொல்லுக்குள் அடைக்கப் பார்ப்பது இரண்டு நிகழ்வுகளை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் பட்டி வைத்துப் பூசிய பணமெல்லாம் ஒரு மழைக்காலத்தில் தரையில் கொட்டுகிறது.

செங்கல், மணல், சிமெண்ட், கலந்த தண்ணீர் இவற்றில் எதிலிருந்தோ உப்பு சுவருக்குள் வந்துவிடுகிறது. சுவரில் ஈரம் இருக்கும்வரை அது கரைந்து கிடக்கும். ஈரம் வெளிமுகத்துக்கு வந்து ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. ஆவியாதல் சுவரின் மேற்பரப்பிலேயே நடந்தால் உப்பு வெளியே பூக்கிறது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சுவருக்குக் கெடுதல் குறைவு. ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே எனாமலோ தடித்த அக்ரிலிக் பூச்சோ அடைத்திருந்தால், பூச்சுக்குக் கீழே, காரையின் (சுவர் மேல் பூசிய சாந்தின்) துளைகளுக்குள்ளேயே உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது இடம் கேட்டுத் தள்ளுகிறது. சோடியம் சல்ஃபேட் பத்து நீர் மூலக்கூறுகளை ஏற்றுப் படிகமாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நீர் ஏற்றது, ஏற்காதது என்ற அதன் இரண்டு வடிவங்களுக்கும் இடையிலான மாற்றம் 32 டிகிரி செல்சியசை ஒட்டி நடப்பது. நம்மூரில் வெயில் காலத்துச் சுவர் பகலில் அதற்கு மேலே போய் விடியலில் கீழே வரும். ஒவ்வொரு நாளும் காரைக்குள் ஒரு தள்ளுமுள்ளு. முடிவில் வண்ணம் கொப்புளித்து, காரை செதில் செதிலாகப் பெயர்கிறது.

முதலாவதுக்கு மேஸ்திரிகள் 'பூத்துக்குது' என்கிறார்கள். இரண்டாவதுக்கு ஒருவரும் பூத்தது என்று சொல்லிக் கேட்டதில்லை. 'பொரிஞ்சிக்கினு வருது' என்பார்கள். இரண்டு நிகழ்வு, இரண்டு வினை. தெருவில் இந்தப் பிரிவினை தெளிவாகவே இருக்கிறது. ஆகவே வெளியே பூக்கும் எஃப்ளோரசன்ஸுக்கு 'உப்பு பூத்தல்', பூச்சுக்குக் கீழே நடப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சப்ஃப்ளோரசன்ஸுக்கு 'உப்புப்பொரிவு'. இதுதான் என் முன்மொழிவு.

> பொரிதல் என்றால் எண்ணெயில் பொரிவதுதானே? குழப்பம் வராதா?

வராது. துருப்பிடித்த கம்பி பொரிந்துவிட்டது என்கிறோம், வெயிலில் தோல் பொரிகிறது என்கிறோம். உள்ளிருந்து உப்பி மேலேடு வெடித்து எழுவதுதான் அந்தச் சொல்லின் உயிர்ப்பொருள். 'உள்ளுப்புப்படிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆறு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், சாரத்தின் மேல் நிற்கும் ஆள் கீழே இருப்பவரிடம் அதைச் சொல்ல முடியாது.

> பெயிண்ட் அடிக்கிறவருக்கு எதற்குக் கலைச்சொல்? எஃப்ளோரசன்ஸ் என்றே எழுதிவிடலாமே.

அண்ணே, கையேடு யாருக்கு? பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தை வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாவுக்கு. பெயிண்ட் கடையில் டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறவர் எந்த ஆங்கிலப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வர வேண்டிய நிலையில் அவர் இருக்கக் கூடாது. 'இது பூத்ததா, பொரிஞ்சதா?' என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் செலவே மாறிவிடும்.

எப்படி மாறும் என்பதைப் பதிவில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பூத்த சுவரை முதலில் உலர்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த தூளைக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். எடுத்தவுடன் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பலர் செய்யும் தவறு இதுதான். சில வாரம் விட்டு மீண்டும் தேய்க்க வேண்டும். பூப்பது நின்ற பிறகுதான் அடிப்பூச்சு. புதுக் காரை என்றால் அது ஆறுவதற்கு 28 நாளாவது விட வேண்டும். அதன் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சாகவும் கேட்டு வாங்க வேண்டும்.

பொரிந்த சுவருக்கு இது எதுவும் உதவாது. பட்டி பிளேடின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். திண்ணென்று ஒலித்துக்கொண்டு வந்தது திடீரென்று 'கொடக்' என்று கூடுவிட்ட ஒலியாக மாறும். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்து, அதற்கு வெளியேயும் ஓரடி சேர்த்துக் காரையைக் கொத்தி எடுக்க வேண்டும். பெயர்ந்து விழும் துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் மினுங்கும். உப்புப்பொரிவு என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். அதற்குப் பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் வேலை. கைப்பிடிச் சுவரின் தலை, சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், மறுபக்கத்துக் குளியலறைக் குழாய். எதுவும் இல்லையென்றால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். ஓதம் ஏறிய சுவரில் உட்புறம் மட்டும் வாட்டர்ப்ரூஃப் பூச்சை அடைத்துப் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறி, முழங்கால் அளவில் இருந்த தொல்லை நெஞ்சளவுக்கு வந்துவிடும்.

வண்ணம் பூசுமுன் ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்தால் அது காற்றின் ஈரம்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. கடலுப்பு ஏறிய சுவருக்கு மழையே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். காசிமேட்டில் சாயங்காலம் சுவர் தானாகக் கறுத்து ஈரமாவது இதனால்தான். பள்ளிப் பாடநூலில் இதற்கு 'ஈரம் உறிஞ்சிக் கரைதல்' என்று இருக்கிறது. நல்ல தொடர், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல காலமாகப் பதிவான செய்தி. போர்வெல்லிலிருந்து உப்புத்தண்ணீரை எடுத்துக் காரைக்கு ஊற்றினால் சுவர் கட்டும்போதே நோயோடு பிறக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரம் 456 சொல்லும் குளோரைடு வரம்பு, கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம். காரைக்கும் அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றித் தனிக் குறிப்பு வேண்டும். அவை கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரை பூசியவை. அந்தக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுக் காரை போட்டு எனாமல் அடித்தால் பூத்துக்கொண்டு மட்டும் இருந்த சுவரைப் பொரிய வைக்கிறோம். அங்கே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

> உவர்மண் போல 'உவர்ப்பூ' என்றால் அழகாக இருக்குமே?

அழகுதான். வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து உவர்மண்ணை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் வேளாண்மைத் துறையில் உவர் நிலம், களர் நிலம் என்று இரண்டையும் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துல்லியத்தை நாம் கலைக்க வேண்டாம்.

சில்லறைச் செய்திகள் இரண்டு. பெயிண்டர்கள் சாண்ட் பேப்பரை 'உப்புத்தாள்' என்பதால், அந்தப் பதிவில் 'உப்பு நீக்கும் தாள் அன்று' என்று ஒரு வரி இருக்கட்டும். பழைய ஜன்னல் எனாமலை உலர்வாகத் தேய்க்கக் கூடாது என்பதையும் அங்கேயே சேர்க்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூளில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அந்த அறைக்குள் விடக் கூடாது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் 'உப்பு பூத்தல்', 'உப்புப்பூ', 'உப்புப்பொரிவு' மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். ஒன்று மட்டும் பாக்கி. ஓதம் ஏறிய உயரத்தில் சுவரில் அலை அலையாக ஒரு பழுப்புக் கோடு நிற்குமே, அதற்கு நான் 'ஓதக்கோடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். எண்ணூர், கத்திவாக்கம் பக்கத்து மேஸ்திரிகளிடம் வேறு சொல் வழங்குகிறதா என்று அங்கே இருப்பவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
வண்ணாரப்பேட்டையிலிருந்து