லெஃப்கராவில் துணியைத் திருப்பிப் பார்த்த கதை

லிமசோலுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம். சைப்ரஸ் என்றால் கடல் என்றுதான் என் மனதிலும் பதிந்திருந்தது. போன ஏப்ரலில் நாகர்கோவிலிலிருந்து மாமியார் வந்திருந்தார். மூன்றாம் நாளே, "கடல் நம்ம ஊர்லயும் கிடக்கு, வேற ஏதாவது காட்டு மக்களே" என்றார். அப்படித்தான் லெஃப்கரா போனோம்.

நிக்கோசியா நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறினால், திரூதோஸ் மலையின் தெற்குச் சரிவில் மேலூர், கீழூர் என்று இரண்டு ஊர். கடைகள் எல்லாம் மேலூரில், அதாவது பானோ லெஃப்கராவில். சுண்ணாம்புக்கல் வீடுகள், ஓட்டுக்கூரை. சில சந்துகளில் குடை பிடித்த இரண்டு பேர் எதிரெதிரே வர முடியாது. வண்டியை ஊர் முகப்பிலேயே விட்டுவிடுங்கள். நான் விடவில்லை, சைடு மிரர் போயிற்று.

ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லெஃப்கரீத்திகா என்ற நூல்வேலை. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1481-இல் லியனார்டோ டா வின்சி வந்து மிலான் பேராலயத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிப் போனார் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். ஆதாரம் கேட்காதீர்கள், விலை ஏறும்.

முதல் கடையிலேயே ஒரு மேசை விரிப்பு வாங்கிவிட்டேன். 45 யூரோ. கைவேலைதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. அத்தை வாயே திறக்கவில்லை. வெளியே வந்து பத்தடி நடந்ததும் பையைப் பிடுங்கித் துணியைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க நூல் ஓட்டம், ஒரே மாதிரி வெட்டிய முனைகள். "மக்களே, இது மெஷின் வேலைல்லா." கடையிலேயே சொல்லியிருக்கலாமே என்றால், "நீ கேட்டியா?"

அத்தைக்கு இதெல்லாம் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நாகர்கோவில் பக்கத்து லேஸ் பின்னல், 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிவைத்தது. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றின பாபின் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னியவர் அத்தை.

அப்புறம் திருச்சிலுவை ஆலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து. நீலக் கதவு, வாசலில் நாற்காலி போட்டு ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும். மடியில் லினன் துணி. அத்தை நேரே போய்ப் பக்கத்தில் குனிந்துவிட்டார். பாட்டிக்குக் கிரேக்கம், அத்தைக்குத் தமிழ், நடுவில் உதவாக்கரையாக நான். பாட்டி இழைகளை எண்ணி, வெட்டி, உருவி எடுக்கிறார். மிச்சம் நிற்கிற இழைகளை ஊசியால் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார். உருவின இடம்தான் கோலமாகிறது. அத்தை வெறும் விரலால் காற்றிலேயே பாபின் போட்டுக் காட்டினார். பாட்டிக்குப் புரிந்துவிட்டது! உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டி, சட்டென்று திருப்பி, மறுபடி திருப்பினார். எது முன், எது பின் என்றே தெரியவில்லை. முடிச்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கோணல் கோணலாக ஓடும் வரியைத் தொட்டு "பொத்தாமோஸ்" என்றார். ஆறு. எனக்குத் தெரிந்த இருபது கிரேக்கச் சொற்களில் அதுவும் ஒன்று.

"கோப்பியாஸ்தே" என்று உள்ளே கூப்பிட்டார். வா, உட்கார், எடுத்துக்கொள், எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். சின்னத் தட்டில் கறுப்பாக ஒன்று, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். ஊறின பேரீச்சை என்று நினைத்துக் கடித்தேன். ஓடு முற்றுவதற்கு முன்னால் பறித்த வால்நட்டை முழுசாகப் பாகில் போட்டிருக்கிறார்கள், கிராம்பு வாசத்தோடு. அத்தை இரண்டு சாப்பிட்டார். சர்க்கரைக்காரி.

கைக்குட்டை அளவு துண்டு ஒன்று 40 யூரோ. பேரம் பேச வாயெடுத்தேன். அத்தை என் காலை மிதித்தார்.

*

அக்கா, நான் லண்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் சாவகச்சேரி. நாங்கள் லெஃப்கரா போனது ஒக்டோபரில். வாகனம் இடப்பக்கம் ஓடுது, பிளக்குக்கு மூன்று முள். 1960 வரைக்கும் வெள்ளைக்காரன் ஆண்டது அதிலேயே தெரியும். லேஸ் எனக்கு விளங்காது, எனக்குப் பிடித்தது தவாஸ். ஆட்டிறைச்சி, அரிசி, தக்காளி, வெங்காயம் எல்லாம் மண்சட்டியில் போட்டு, சீரகத்தைத் தாராளமாய்ப் போட்டு அவிய விடுவார்கள். மூடியைத் திறந்ததும் மனைவி, "குசினிக்குள்ள எங்கட ஆக்கள் ஆரோ நிக்கினம்" என்றா.

எங்கட ஆள் இருந்தது பக்கத்து மேசையில். ஒரு கிழவருக்கு இறைச்சியைச் சின்னதாய் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண், "அண்ணே, யாழ்ப்பாணமா?" என்று கேட்டா. அவ ஹட்டன் பக்கம், தோட்டத்துப் பிள்ளை. கிழவரைப் பார்த்துக்கொள்ள வந்து ஆறு வருசமாம். அந்த ஊரில் முன்பு பெண்கள் தைக்க, ஆண்கள் அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்க விற்கப் போவார்கள். கிழவரின் தகப்பனும் அப்படிப் போனவர்தானாம். "இவரு அப்பா வெளிநாடு போய்க் கட்டின வீடு அண்ணே. இப்ப நான் வெளிநாடு வந்து அதைக் கூட்டுறேன்" என்று சிரித்தா. என்ன கதை என்று கிழவர் கேட்க, கிரேக்கத்தில் வேறெதையோ சொல்லிச் சமாளித்தா.

*

அடுத்த மாதம் போகிறோம். அந்த நீலக் கதவு எங்கே என்று சொல்ல முடியுமா? மெஷின் விரிப்பு என்ன ஆயிற்று?

*

விரிப்பு எங்கள் வாஷிங் மெஷின் மேல் கிடக்கிறது. இனம் இனத்தோடு. ஆலயத்தைச் சுற்றிப் பின்னால் போய் இடது பக்கம் திரும்புங்கள். அடையாளத்துக்கு நீலக் கதவை நம்ப வேண்டாம், அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் நீலக் கதவுதான். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை போகாதீர்கள், ஊரே தூங்கும், பாட்டியும் தூங்குவார். அப்புறம் ஒரு உதவி. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தை செய்த முதல் போன், அந்த நூல் எத்தனையாம் நம்பர், அதாவது எவ்வளவு மெல்லிசு, என்று கேட்கத்தான். பாட்டியிடம் கேட்டு, முடிந்தால் நூல் சுற்றின அட்டையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.