சாமியாடியிடமும் தகடு எடுப்பவரிடமும் குறி கேட்ட கதை – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

விக்கிரமசிங்கபுரத்துக்காரன்:

எங்கள் வகையறாவுக்குச் சுடலைமாடன் கோவில். பெரியப்பாதான் சாமியாடி. மற்ற நாளில் தேங்காய் வியாபாரம். கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிய நாளிலிருந்து எட்டு நாள் வெளியே எங்கும் கை நனைக்க மாட்டார், கோவில் திண்ணையில்தான் படுக்கை. கணியான் கூத்துக்காரர் மகுடம் என்ற பறையை அடித்துப் பாடப் பாட அருள் இறங்கும். கச்சை கட்டி, சாமியின் ஈட்டியான வல்லயத்தைக் கையில் வாங்கிவிட்டால் அப்புறம் அவரை நான்கூடப் பெரியப்பா என்று கூப்பிட முடியாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருஷம், கால்நாட்டுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை. சாமியை அழைக்கும் குடியழைப்பு ராத்திரி எல்லாரும் நிற்கிறார்கள், மகுடம் முழங்குகிறது. வல்லயத்தை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாத்தா அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். அவ்வளவுதான். அந்தக் கொடை முழுக்கப் பெரியப்பா பந்தலுக்கு வெளியே நின்றார். அடுத்த வருஷம் ஒரு டின் நல்லெண்ணெய் அபராதம் கட்டி, சன்னதியில் விழுந்து எழுந்த பிறகுதான் வல்லயம் கைக்கு வந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குறியில் ஆள் பேர் வரக்கூடாது. நகை காணோம் என்று வந்து நின்றால் "பொருள் வாசப்படி தாண்டல" என்று வரும், எடுத்தது இன்னார் என்று வராது. எப்போதோ ஒரு கொடையில் ஒரு பேர் வாயில் வந்து, இரண்டு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை அற்றுப் போனதாம். அதற்கப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இது. அருளில் இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று பெரியப்பாவிடமே கேட்டேன். "சாமியும் ஊர்லதானல இருக்கணும்" என்றார்.

இனி என் கதை. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு ஆறேழு மாதம் தூக்கமே இல்லை. யாரோ சொல்லி, டவுனில் போர்டு மாட்டி வாட்ஸ்அப் எண்ணும் எழுதியிருந்த ஒருவரிடம் போனாள். அவர் வீட்டுக்கு வந்து, சோழி போட்டுப் பார்த்து, தென்கிழக்கு மூலையில் தோண்டச் சொன்னார். தோண்டியவரும் அவர் கூட்டி வந்த பையன்தான். யாரோ செய்வினை வைத்துப் புதைத்தது என்று செம்புத் தகடு ஒன்று வந்தது. ஆறு வருஷமாக மண்ணுக்குள் கிடந்ததாம். ஆறு வருஷம் ஈர மண்ணில் கிடந்த செம்பில் ஒரு துளி பச்சைக் களிம்பு கிடையாது. பாத்திரக் கடையில் தொங்குவது மாதிரி மினுமினுவென்று இருந்தது.

கழிப்புக் கழிக்க 18,000 ரூபாய். அதுகூடப் பரவாயில்லை. போகும்போது, "இதை வச்சது உங்க கொழுந்தன் பொண்டாட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தியும் அம்மாவும் பேசி இப்போது நான்கு வருஷம் ஆகிறது. பெரியப்பாவிடம் சொன்னபோது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பேரைச் சொன்னானா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தகடு எடுத்த அன்று ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினாள்.

சுரண்டை மருமகள்:

எங்கள் வீட்டில் தகடு இல்லை, மருந்து. என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆள் மெலிந்துகொண்டே போனார். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அத்தை ஒரு அம்மாவிடம் கூட்டிப் போனார்கள். அந்த அம்மா வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக உருண்டை ஒன்றைத் தட்டில் துப்பினார். ஒரு தடவைக்கு 1,500. மூன்று தடவை ஆயிற்று. மூன்று தடவையும் அதே அளவு உருண்டை. நாலாவது தடவைக்கு நான் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை 380.

அத்தை இன்றைக்கும், "மருந்து எடுத்ததாலதான் இந்த அளவுக்காவது நின்னுச்சு" என்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை.

ஏரல் பக்கம்:

முதல் பதிவு போட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. ஊர் கட்டுப்பாடு என்று சொன்னதும் எல்லாருக்கும் நெஞ்சு நிறைகிறது. எங்கள் ஊரில் சாமியாடியும் கொடைக்கு வரி பிரிப்பவரும் அண்ணன் தம்பி. கிணற்றுத் தகராறு வந்த வருஷம் சாமி யார் பக்கம் பேசியிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். வல்லயத்தைச் சுவரில் சாய்க்க அங்கே ஒரு தாத்தா இல்லை. கீழத்தெருக்காரர்கள் வரி கொடுக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

என் அத்தைக்கும் ஒரு கொடையில் அருள் வந்தது. மஞ்சள் தண்ணீரை ஊற்றி உட்கார வைத்தார்கள். "வந்திருக்கிறது யாரு?" என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஆம்பளை ஆடினால் கேட்பார்கள்.

பாளை நர்ஸ்:

நான் வேலை பார்ப்பது குழந்தைகள் வார்டில். கையில் கயிறு, இடுப்பில் தாயத்து இல்லாமல் ஒரு பிள்ளை வருவது அபூர்வம். அதை நாங்கள் அறுக்க மாட்டோம். அறுத்தால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கே வர மாட்டார்கள்.

எங்கள் ஊரில் கண்பட்ட பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆச்சி ஒருவர் உண்டு. வெற்றிலை பாக்கு தவிர எதுவும் வாங்க மாட்டார். பல வருஷம் முன்னால் வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு பிள்ளை, அவர் ஓதி அனுப்பிய மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் ஆச்சியைக் குறை சொல்லவில்லை. அவர்தான் தன்னை விடவில்லை. இப்போதெல்லாம் பிள்ளையைக் கையில் வாங்கியதும் முதலில் உச்சிக்குழியைத் தடவிப் பார்ப்பார். குழி விழுந்திருந்தால், "ஏட்டி, தண்ணி வத்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா, பொறவு ஓதுதேன்" என்று ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுவார். ஓதுகிற தண்ணீரிலேயே இப்போது ஓஆர்எஸ் பொடியைக் கலக்கிறார். பாக்கெட் நான்தான் வாங்கிக் கொடுப்பேன்.

மனநோய் விஷயம் மட்டும் வேறு. அதில் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் வெந்து செத்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டத்தின்படி எந்த இடத்திலும் சங்கிலி போடக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு இரவு எந்த நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். கோவிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

வள்ளியூர், இப்போது லண்டன்:

இங்கேயும் ஆவியோடு பேசுகிறவர்கள் உண்டு. கூட வேலை பார்க்கும் அம்மாவோடு ஒரு தடவை போனேன். பெஞ்சு, பாட்டு, கடைசியில் டீ, பிஸ்கட். நம் ஊர் ஜெபக்கூட்டம் மாதிரிதான். 1901இலிருந்து இவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது, பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறது. ஏமாற்றும் ஆவிப் பேச்சாளர்களைத் தண்டிக்க என்றே 1951இல் தனிச்சட்டம் போட்டிருந்தார்கள். 2008இல் அதை எடுத்துவிட்டு, மற்ற வியாபாரிகளுக்கு இருக்கிற நுகர்வோர் விதிகளுக்குள் இவர்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். அதிலிருந்து பலர் விளம்பரத்தின் அடியில் 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சுடலைமாடன் கொடை நோட்டீஸில் அப்படி அடித்தால் அச்சகத்துக்காரன் கதி என்னவாகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

தகடு எடுத்த ஆள் மேல் புகார் கொடுக்கவில்லையா?

விக்கிரமசிங்கபுரத்துக்காரன்:

வக்கீல் நண்பனிடம் கேட்டேன். மந்திரம், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் போர்டில் நோய் என்ற வார்த்தையே இல்லை. கடன், குடும்பம், தொழில், கல்யாணத் தடை, அவ்வளவுதான். விவரமான ஆள். மோசடி என்று கொடுக்கலாம், ஆனால் அம்மா ஸ்டேஷனுக்கு வந்து சொல்ல வேண்டும். வர மாட்டாள்.

ஏரல் அண்ணாச்சி, நீங்கள் சொன்னது உறைத்தது. எங்கள் கோவிலிலும் பெண்களுக்கு வல்லயம் கிடையாது. இத்தனை நாள் நான் அதை யோசித்ததே இல்லை.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். பெரியப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இனி மயான வேட்டைக்குச் சுடுகாடு வரை ஓட முடியாது. போன கொடையில் மாமா பையன் ஒருவனுக்கு அருள் வந்தது. நல்ல பையன், விரதம் சுத்தமாக இருந்தான். அவன் ஆடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட, துபாயிலிருந்தெல்லாம் போன் வருகிறதாம். போனிலேயே குறி சொல்கிறான். காசு கேட்பதில்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்கிறான். போன மாதம் ஒரு வீட்டுக்கு, "கெடுத்தது உங்க சொந்தத்துல ஒரு பொம்பள" என்று சொல்லியிருக்கிறான். பேர் சொல்லவில்லையே என்கிறான். ஊரில் பாதிப்பேர் அவனை இந்த வருஷம் ஆட விடக் கூடாது என்கிறார்கள். மீதிப்பேர், அவனால்தான் வெளிநாட்டு வரி வருகிறது என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கோவிலில் கூட்டம். பெரியப்பா என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டேன். "நானும் ஒரு வருஷம் பந்தலுக்கு வெளிய நின்னவன்தானல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நேற்று கடைக்குப் போய் ஒரு டின் நல்லெண்ணெய் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.