பந்தயக் குதிரையும் சைஸும்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ரைட்டர் மகன், ஏற்காடு

யானைக்கும் பாகனுக்கும் நம்மிடம் ஆளுக்கொரு கதை இருக்கிறது. குதிரையையும் அதன் சைஸையும், அதாவது அதைப் பராமரிக்கிற ஆளையும், பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. என்னிடம் ஒன்று உண்டு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தோட்ட முதலாளி ஒரு பந்தயக் குதிரையை வாங்கி வந்தார். கிண்டியிலும் ஊட்டியிலும் வரிசையாக ஜெயித்த குதிரையாம். முன்னங்காலில் நரம்பு இழுத்துக்கொண்டதால் இனி ஓட்டத்துக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். குதிரையோடு அதன் சைஸும் வந்து இறங்கினார். வேளச்சேரிப் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் பாய். பந்தயப் புத்தகத்தில் குதிரைக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பேர் இருந்தது. பாய் அதை ஒரு நாளும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்பார்.

குதிரை மலையேறிய கதையை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. லாரியின் முன் சீட்டில் இடம் இருந்தும் பாய் ஏறவில்லை, பின்னால் குதிரையோடு நின்றுகொண்டார். வளைவு வருமுன் டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டும் என்று பேச்சு. ஹாரன் கேட்டதும் பாய், "தம்பி, திரும்புறோம்டா" என்பார். குதிரை காலை அகட்டி ஊன்றிக்கொள்ளும். ஏழெட்டு வளைவுக்கு மேல் பாய் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லையாம். ஹாரன் கேட்டாலே கால் அகலும். அன்று லாரியில் வாந்தி எடுத்தது கிளீனர் பையன் மட்டும்தான். குதிரைக்கு வாந்தியே வராது என்பதும் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

காலையில் ஐந்து மணிக்கு லாயத்தில் விளக்கு எரியும். பனியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பாய் முதலில் செய்வது ஒரே காரியம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புறங்கையை முன்னங்கால் முட்டிக்குக் கீழே வைத்து, பின்பக்க நரம்பை ஒட்டியே குளம்புவரை மெதுவாக இறக்குவார். இரண்டு கால்களுக்கும் அப்படித்தான். சூடு இருந்தால் வீக்கம் வரப்போகிறது என்று அர்த்தம். உள்ளங்கை காய்த்துப்போன கை, அதற்குச் சூடு தெரியாது, புறங்கைதான் பேசும் என்பார். அதற்கப்புறம்தான் குளம்பில் சிக்கிய கல்லைக் கொக்கியால் எடுப்பது, பிரஷ் போடுவது, தண்ணீர் காட்டுவது, ஊறிய கொள்ளு, குதிரைமசால் எல்லாம். "கால்" என்று சொன்னால் போதும், தம்பி தானாகவே குளம்பைத் தூக்கிக் கொடுக்கும். நான் சொன்னால் காதைக்கூட அசைக்காது.

ஒரு நாள் கேட்டேன். "தம்பி ஜெயிச்சதுல எந்த ரேஸ் பாய் உங்களுக்குப் பிடிச்சது?"

"நான் எங்கப்பா ரேஸைப் பார்த்தேன்? எல்லாரும் போர்டைப் பார்ப்பாங்க. நான் திரும்பி வரும்போது நாலு காலையும் ஒழுங்கா ஊனி வர்றானான்னு பார்ப்பேன். ஜெயிச்சானா இல்லையான்னு பக்கத்துல எவனாவது சொல்லுவான்."

பந்தயப் புத்தகத்தில் குதிரை பேர், முதலாளி பேர், ட்ரெய்னர் பேர், ஜாக்கி பேர் எல்லாம் வரும். சைஸ் பேர் வராது. அது அவருக்கு ஒரு குறையாகத் தெரிந்த மாதிரியே இல்லை. எனக்குத்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பாய் ஊரில் மகள் நிக்காஹ் வந்தது. நாலு நாள் போய்விட்டு வந்தார். பொதுவாக இந்த இடத்தில் "சைஸ் இல்லாமல் குதிரை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை" என்று வரவேண்டும். தம்பி நன்றாகவே சாப்பிட்டது. தீனி வைத்தது நான். பாய் வந்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டானா?"

"நல்லா சாப்பிட்டான் பாய்."

அவர் முகம் விழுந்துபோனது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. லாயத்துக்குள் போனார். குதிரை அவரைப் பார்த்தது, அப்படியே திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் அந்தக் கோபம். பாய் உள்ளே போனால் அது சுவரைப் பார்க்கும். அதற்கப்புறம்தான் பாய் முகத்தில் சிரிப்பே வந்தது. "கோவிச்சுக்கினான் பாரு!" என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னார்.


ஜட்கா பேரன், செவ்வாய்ப்பேட்டை

எங்கள் தாத்தா ஓட்டியது ஜட்கா. சேலம் டவுன் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து வாங்கிய குதிரை. பந்தயம் எதுவும் ஓடியதில்லை, அதனால் இங்கே சேர்த்தி இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

பாசம் என்றெல்லாம் தாத்தா பேசி நான் கேட்டதில்லை. நாள் பூராவும் அதைத் திட்டிக்கொண்டிருப்பார், காதில் கேட்க முடியாத வார்த்தைகள். ஆனால் அது தண்ணீர் குடிக்கிற வரைக்கும் பாட்டி போட்டு வைத்த சோற்றைத் தொடமாட்டார். பாட்டி சொல்வாள்: "எனக்கு ஒரு நாள் இப்படிக் காத்திருந்தாரா?"


கோரிமேடு தாத்தா

நான் குதிரை மேல் ஏறியவனே அல்ல. ஓய்வு பெற்ற வாத்தியார். ஆனாலும் ஒரு பந்தயக் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

மகள் மெல்போர்னில் இருக்கிறாள். போன இடத்தில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். ஃபார் லாப் என்ற குதிரையின் தோலைப் பதப்படுத்தி நிற்க வைத்திருக்கிறார்கள். 1930-ல் மெல்போர்ன் கோப்பையை ஜெயித்த குதிரை. செம்பழுப்பு உடம்பு, இப்போதுதான் பிரஷ் போட்டு முடித்த மாதிரி மின்னுகிறது. இதற்குத் தினமும் பிரஷ் போட்டவன் யார் என்று எனக்கு ஒரே கேள்வி. திரும்பி வந்து தேடிப் படித்தேன்.

டாமி வுட்காக் என்று ஓர் இளைஞர். ரைட்டர் மகன் தம்பி என்று எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் அது ஃபார் லாப், வுட்காக்குக்கு மட்டும் பாபி. அவர் கையால் வைத்தால்தான் தின்னும் என்பார்கள். அந்தக் கோப்பைக்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 1 சனிக்கிழமை, காலைப் பயிற்சி முடித்துக் கூட்டி வரும்போது காரில் வந்தவர்கள் குதிரையைச் சுட்டார்கள். தோல்வியில் பணம் பார்க்கிற கும்பலின் வேலை என்று பேச்சு. வுட்காக் குதிரைக்கு மறைப்பாக நின்றார். குண்டு படவில்லை. அன்று மத்தியானமே அது ஒரு பந்தயம் ஓடி ஜெயித்தது, செவ்வாய்க்கிழமை கோப்பையையும் ஜெயித்தது.

1932-ல் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மார்ச்சில் மெக்சிகோவில் ஒரு பெரிய பந்தயத்தை ஜெயித்தது. ஏப்ரல் 5-ம் தேதி கலிபோர்னியாவில் வயிற்று வலி கண்டு செத்தது, வுட்காக் பக்கத்தில்தான் இருந்தார். அதன் இதயம் மட்டும் 6.2 கிலோ, கான்பெராவில் இருக்கிறது. எலும்புக்கூடு அது பிறந்த நியூசிலாந்தில். தோல் மெல்போர்னில். ஒரு குதிரையை மூன்று ஊர் பங்கு போட்டுக்கொண்டன. வுட்காக் பின்னால் தானே ட்ரெய்னர் ஆனார். 1977-ல் அவர் பழக்கிய ரெக்லெஸ் அதே மெல்போர்ன் கோப்பையில் இரண்டாவதாக வந்தது.


அம்மாபேட்டை

நான் குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தீனி போடுகிற கையை எந்த மிருகமும் நக்கும். இதில் பெரிதாக என்ன இருக்கிறது? உண்மையில் குதிரை ஜெயித்தால் பணம் முதலாளிக்கு, பேர் ஜாக்கிக்கு. சைஸ் சாணி அள்ளுகிறார். பாசம் பாசம் என்று சொல்லிச் சொல்லியே சம்பளத்தை ஏற்றாமல் விடுகிறார்கள். 2024-ல் ஊட்டி, கிண்டி மைதான நிலங்களை அரசு எடுத்துக்கொண்டபோது குதிரை எங்கே போகும் என்று நாலு பேர் கேட்டார்கள். சைஸ்கள் எங்கே போவார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?


கோரிமேடு தாத்தா

அம்மாபேட்டையார் கேட்டது நியாயம். அமெரிக்காவில் செக்ரடேரியட் என்று ஒரு குதிரை, 1973-ல் பெல்மான்ட் பந்தயத்தில் அடுத்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டது. அதன் சைஸ் எடி ஸ்வெட், தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். கென்டக்கியில் இருக்கிற சிலையில் ஜாக்கி குதிரை மேல் இருக்கிறார், ஸ்வெட் கீழே நின்று பிடித்திருக்கிறார். சிலையிலாவது இடம் கிடைத்தது என்று சொல்வதா, சிலையில் மட்டும்தான் கிடைத்தது என்று சொல்வதா, தெரியவில்லை.

இன்னொருவர் வில் ஹார்பட். மேன் ஓ வார் குதிரைக்கு வயதான காலத்தில் சைஸ். 21 பந்தயத்தில் 20 ஜெயித்த குதிரை. பார்க்க வருகிறவர்களுக்கு அதன் பெருமையைச் சொல்வதே அவர் வேலை. 1947 அக்டோபரில் அவர் இறந்தார். நவம்பர் 1-ம் தேதி குதிரையும் போய்விட்டது. ஏக்கத்தில் போனது என்பார்கள். குதிரைக்கு அப்போது வயது முப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.


ஜட்கா பேரன், செவ்வாய்ப்பேட்டை

ரைட்டர் மகன், குதிரைக்கு வாந்தி வராது, அது ஆபத்து, பின்னால் தெரிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே. என்ன ஆச்சு?


ரைட்டர் மகன், ஏற்காடு

யாராவது கேட்பார்கள் என்று தெரியும். யாரும் கேட்காவிட்டால் நல்லது என்றும் இருந்தது.

அந்த நாலு நாள் தீனி வைத்ததில் தம்பி என் குதிரை என்றே நினைத்துவிட்டேன். பாய் வந்த மூன்றாம் நாள் கோபம் தீர்ந்து, அது பழையபடி அவர் தோளில் தாடையைப் போட்டுக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் பாய் கடைக்குப் போன நேரம் பார்த்து டின்னைத் திறந்து கொள்ளை அள்ளி வைத்தேன். எத்தனை படி என்று நினைவில்லை. அது ஊறவைக்காத கொள்ளு.

ராத்திரி பத்து மணிக்குக் குதிரை தரையில் விழுந்து புரள ஆரம்பித்தது. எழுந்திருக்கும், தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், திரும்பவும் விழும். அந்தக் குளிரில் உடம்பெல்லாம் வியர்வை. பாய் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார். குடல் ஓடுகிற சத்தம் இருக்க வேண்டும், இல்லை. உள்ளே போனது மேலே வர வழியில்லை, கீழேதான் போயாக வேண்டும். சேலத்திலிருந்து டாக்டர் வர நேரமாகும் என்று முதலாளி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

பாய் அதை நடக்க வைத்தார். லாயத்திலிருந்து காபி உலர்த்தும் களம்வரை, களத்திலிருந்து லாயம்வரை, கையில் ஒரு லாந்தர். அது படுக்கப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, "இன்னும் ஒரு திருப்பம்டா தம்பி" என்றார். மலையேறும்போது சொன்ன மாதிரியே. நான் திண்ணையில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலையில் டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். பொழுது ஏறிய பிறகு தம்பி வாலைத் தூக்கி லத்தி போட்டது. பாய் அந்த இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, லத்தியைக் கையில் எடுத்துப் பிட்டுப் பார்த்தார். முழுசு முழுசாகக் கொள்ளு. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். டின் மூடி சரியாக மூடாமல் இருந்ததையும் அவர் ராத்திரியே பார்த்திருப்பார்.

முதலாளி வந்து கேட்டபோது, "அளவு தப்பிப்போச்சு முதலாளி, என் தப்புதான்" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். சம்பளப் பேரேட்டில் அதை எழுதியது என் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாபேட்டையார் சம்பளத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டு ஒரு வாளியைக் கொடுத்தார். கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்கச் சொன்னார். நசுங்கினால் வைக்கலாம். அப்புறம் என் கையைப் பிடித்துப் புறங்கையைத் தம்பியின் முன்னங்காலில் வைத்தார். இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கண் மங்கி ஊருக்குப் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. தம்பி அதற்கு மேலும் ஆறு வருஷம் இருந்தது. ஏங்கவெல்லாம் இல்லை, நன்றாகத் தின்று தொப்பை போட்டது. "கால்" என்று நான் சொன்னால் தூக்குவதற்கு மட்டும் ஒரு வருஷம் ஆனது.

போன மாதம் ஏரிப் பக்கம் போயிருந்தேன். சவாரிக்கு ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. பக்கத்தில் போனவன் யோசிக்காமல் குத்துக்காலிட்டுப் புறங்கையை வைத்துவிட்டேன். இடது கால் கொஞ்சம் சூடு. குதிரைக்காரப் பையன் பயந்துபோய், "சார், நீங்க டாக்டருங்களா?" என்றான்.

"இல்லப்பா. இன்னைக்கு இதுக்கு லீவு விடு" என்றேன். அவன் விட்டானா என்று தெரியாது.